ஏப்ரலில் கனடா போகும் அம்மாவின் பெட்டிக்குள் என்ன வைப்பது?

விசா ஒட்டிய கடவுச்சீட்டு கைக்கு வந்த அன்றே அம்மா கட்டிலுக்குக் கீழிருந்து பெட்டியை இழுத்துவிட்டார். பயணத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ரொறன்ரோவில் இருக்கும் அக்காவை அவர் பன்னிரண்டு வருடமாகப் பார்க்கவில்லை. இரண்டு தடவை மறுக்கப்பட்டு மூன்றாம் முறை கிடைத்த விசா அது. பேரப்பிள்ளைகள் இரண்டு பேரையும் வட்ஸ்அப்பில்தான் கண்டிருக்கிறார்.

இரண்டு நாளில் பெட்டி நிறைந்துவிட்டது. பதினான்கு சாறி, அவற்றுக்குரிய பதினான்கு சட்டை, ஆறு உள்பாவாடை, வீட்டில் போடும் சட்டை ஐந்து, மூன்று துவாய், ஒரு படுக்கை விரிப்பு, தலையணை உறைகூட. சந்திக் கடைக்காரரிடம் தராசு வாங்கி வந்து நிறுத்தேன். இருபதரைக் கிலோ. ரிக்கெற்றில் பெட்டி ஒன்றுக்கு 23 கிலோ என்று போட்டிருந்தது. பெட்டி இரண்டுதான், ஆனால் மற்றப் பெட்டியை ஊர் எடுத்துக்கொண்டுவிட்டது. அம்மா கனடா போகிறார் என்ற கதை பரவிய ஒரு கிழமைக்குள் பொதிகள் வரத் தொடங்கியிருந்தன. அக்காவுக்கென்று அம்மாவே இடித்து வறுத்த மிளகாய்த்தூளுக்கும், ஒடியல் மாவுக்கும், பனாட்டுக்கும், பேரப்பிள்ளைகளுக்குச் சுட்ட பயத்தம் பணியாரத்துக்கும் மிஞ்சியது இரண்டரைக் கிலோ.

“சாறியில பாதியை விட்டிட்டுப் போங்கோ அம்மா” என்றேன்.

“எதை விடச் சொல்லுறாய் பிள்ளை? நீயே எடுத்து வை பாப்பம்.”

எடுத்து வைக்க என்னால் முடியவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

2008 கடைசியில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது எங்களிடம் இரண்டு பெட்டி நிறைய உடுப்பு இருந்தது. தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வொரு இடமாக நகர, பெட்டி இரண்டு ஒன்றாகியது, பிறகு உரப்பை ஆகியது. கடற்கரைப் பக்கம் போனபின் பங்கருக்கு மண்மூட்டை கட்டச் சாக்கு இல்லை. வன்னியில் அந்த மாதங்களில் இருந்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. அம்மாவின் கூறைச் சாறியும், அம்மம்மா கொடுத்த காஞ்சிபுரமும் வெட்டித் தைக்கப்பட்டு மண் நிரப்பப்பட்டன. செட்டிகுளத்துக்கு வந்து சேர்ந்தபோது எங்கள் உடம்பில் இருந்தவைதான் எங்கள் உடுப்புகள். நான் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று சட்டை போட்டிருந்தேன். கையில் தூக்க முடியாததை உடம்பில் போட்டுக்கொள்வது அப்போது எல்லாரும் செய்ததுதான்.

இந்தப் பதினான்கு சாறியும் அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. “குறைவாகக் கொண்டுபோங்கள்” என்று பயணக் குறிப்பு எழுதுபவர்கள் பெரும்பாலும் திரும்பி வரும்போது அலுமாரி அப்படியே இருக்கும் என்று நம்பி வளர்ந்தவர்கள். எங்கள் தாய்மாருக்கு அந்த நம்பிக்கை கிடையாது. வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் வீடு இருக்குமா என்ற கேள்வியை அவர்கள் வாழ்ந்து பார்த்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் வீட்டிலும் ஒரு அம்மாவோ மாமியோ இந்த வசந்த காலத்தில் பிள்ளைகளிடம் போக ஆயத்தமானால், பெட்டியைக் கொட்டிவிட்டு நீங்களே அடுக்கப் போகாதீர்கள். விடப்படும் சாறிகள் எங்கே இருக்கும், யார் பார்த்துக்கொள்வார் என்பதை முதலில் பேசி முடியுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சுக்கு இரண்டு கிழமை எடுத்தது. உடுப்பைத் தெரிவு செய்ய ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது.

வசந்தம் என்ற சொல்லை நம்ப வேண்டாம்

ரொறன்ரோவின் வசந்தம் என்றால் எங்களுக்கு ஞாபகம் வருவது செரிப் பூக்களுக்கு முன் நின்று எடுத்த படங்கள். 1959 இல் தோக்கியோ மக்கள் சார்பாகக் கொடுக்கப்பட்ட செரி மரங்கள் அங்கே ஹை பார்க்கில் நிற்கின்றன. அவை பூப்பது வழக்கமாக ஏப்ரல் கடைசிக்கும் மே நடுப்பகுதிக்கும் இடையில் சில நாட்கள்தான். அந்தப் படங்களில் சிரித்துக்கொண்டு நிற்பவர்களின் உடம்பைக் கவனியுங்கள், பலர் கோட் போட்டிருப்பார்கள்.

ஏப்ரலில் அங்கே பகல் வெப்பநிலை சராசரியாக 11, 12 பாகை செல்சியஸ். இரவில் 3, 4 பாகை. சில நாள் பனியும் கொட்டும். மே மாதத்தில் பகல் 18 பாகையைத் தொடும், இரவு 9 பாகை வரை இறங்கும். ஜூனில் வெயில் சுடத் தொடங்கிவிடும். ஜனவரி இரவில் நுவரெலியாவில் நின்றிருந்தால் அந்தக் குளிரில் ஒரு பங்கு உங்களுக்குத் தெரியும். அதோடு காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லண்டன், பரிஸ், சூரிச் போகிறவர்களுக்கு ஏப்ரல் கொஞ்சம் இளகியது, ஆனால் மழையும் வரும். பெட்டிக்குள் வைப்பது ஏறக்குறைய ஒன்றேதான்.

குளிரைவிடக் கரைச்சல் கொடுப்பது வெப்பநிலை மாறும் வேகம். வீட்டுக்குள் சூடாக்கி வேலை செய்யும், 20 பாகைக்கு மேல் இருக்கும். வாசலைத் திறந்தால் 5 பாகை. பஸ்ஸுக்குள் ஏறினால் வேர்க்கும். ஒரே தடித்த கம்பளிக் கோட்டை மட்டும் கொண்டுபோகிறவர் அதைப் போட்டால் அவிந்துபோவார், கழற்றினால் நடுங்குவார்.

இதற்கு வழி அடுக்கு முறை. உடம்போடு ஒட்டிய மெல்லிய உள்ளுடை ஒன்று, அதற்கு மேல் சூட்டைப் பிடித்து வைக்கும் கம்பளிச் சட்டை ஒன்று, வெளியே காற்றையும் மழையையும் மறிக்கும் ஜக்கெற் ஒன்று. துணிதான் சூடு தருகிறது என்று நினைப்போம். உண்மையில் அடுக்குகளுக்கு இடையில் சிறைப்பட்டு நிற்கும் காற்றுத்தான் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் வைத்திருக்கிறது. அதனால் ஒரு தடித்த உடுப்பைவிட மூன்று மெல்லிய உடுப்பு கூடச் சூடு தரும், தேவைக்கேற்பக் கழற்றவும் முடியும். இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்தியபோது அவர் சொன்னார்: “மூண்டு சட்டை போட்ட ஆளுக்கு இதைச் சொல்லித் தரவேண்டுமோ?”

துணி வகையையும் பாருங்கள். பருத்தி எங்கள் வெயிலுக்குத் தோதானது. குளிருக்குள் அது வேர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே இருக்கும், அந்த ஈரம் உடம்பைக் குளிர வைக்கும். கம்பளி நூல் கொஞ்சம் நனைந்தாலும் சூட்டை விடாது. உள்ளே போடுவதற்கு ‘தேர்மல்’ என்று விற்கும் மெல்லிய நீள்கை உடுப்பும் நீளக் காற்சட்டையும் இரண்டு சோடி போதும். கொழும்பு புறக்கோட்டையிலும் நுவரெலியாக் கடைகளிலும் எடுக்கலாம். பெரிய ஜக்கெற்றை இங்கே காசு கொடுத்து வாங்காதீர்கள். ஒரு கிலோவுக்கு மேல் நிறை. வெளிநாட்டு வீடுகளில் மேலதிக ஜக்கெற் ஒன்றாவது தொங்கிக்கொண்டிருக்கும். விமான நிலையத்துக்கு வரும்போது அதைக் கொண்டுவரச் சொல்லி பிள்ளைக்குச் சொல்லிவைத்தால் போதும்.

ஒன்றுக்கொன்று பொருந்தும் உடுப்புகள்

சில உடுப்புகளை வைத்துப் பல விதமாக உடுத்துவதற்கு மேற்கு நாடுகளில் ‘கப்சியூல்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1970களில் லண்டனில் உடுப்புக்கடை நடத்திய சூசி போ என்ற பெண் அந்தச் சொல்லைப் பரவச் செய்தார். 1985 இல் நியூயோர்க்கின் ஆடை வடிவமைப்பாளர் டொனா கரன் வேலைக்குப் போகும் பெண்களுக்காக ஏழு உடுப்புகளை முன்வைத்துப் பெயர் பெற்றார். கணக்கு எளிது. மூன்று கீழுடுப்பும் நான்கு மேலுடுப்பும் இருந்து, எந்த மேலுடுப்பும் எந்தக் கீழுடுப்போடும் பொருந்தினால் 12 விதமாக உடுத்தலாம். பொருந்தாத ஒன்று உள்ளே வந்தால் அது தன் நிறையை மட்டுமே சேர்க்கிறது.

இந்தக் குறிப்புகள் எல்லாம் ஜீன்ஸும் ரீசேட்டும் போடுகிறவர்களுக்கு எழுதப்பட்டவை. சாறி கட்டும் அறுபது வயதுப் பெண்ணுக்கு என்ன செய்வது? யோசித்துப் பார்த்தால் சாறியைப் போல இதற்கு வாய்ப்பான உடுப்பு வேறு இல்லை. அளவு மாறாது, மெலிந்தாலும் கொழுத்தாலும் கட்டலாம். பிரச்சினை சட்டையில் இருக்கிறது. நாங்கள் ஒவ்வொரு சாறிக்கும் அதனோடு வந்த துண்டில் ஒரு சட்டை தைக்கிறோம். அந்தச் சட்டை வேறு எதற்கும் உதவாது. பஞ்சாபி போடுகிறவர்களுக்கும் இதே கதை. மேல், கீழ், சால் என்று மூன்றும் ஒரு செற்றாக விற்கப்படுவதால், ஒன்று அழுக்கானால் மூன்றும் அழுக்கு.

நாங்கள் கட்டிலில் எல்லாவற்றையும் விரித்தோம். முதலில் நிறத்தைத் தீர்மானித்தோம். அம்மாவுக்குப் பிடித்தவை மெரூன், கிறீம். அதோடு எல்லாவற்றுக்கும் சேரும் கறுப்பு. இந்த மூன்றில் எதனோடாவது பொருந்தும் சாறிகள் மட்டும் கட்டிலில் இருக்கலாம் என்றேன். இரண்டு பச்சையும் ஒரு ஊதாவும் அந்த நிமிடமே அலுமாரிக்குத் திரும்பின. பிறகு அம்மாவே ஒரு விதி வைத்தார்: இரண்டு சட்டையோடாவது சேராத சாறி வரக்கூடாது.

கடைசியில் ஆறு சாறி தேறின. கசங்காத, கழுவினால் கெதியாகக் காயும் ஜோர்ஜெற் இரண்டு, வொயில் ஒன்று, பட்டு இரண்டு, மெல்லிய கரை போட்ட வெள்ளைச் சாறி ஒன்று. தைத்த சட்டை மெரூன், கிறீம், பட்டுக்கென்று பொன் நிறம். இவற்றோடு உடம்போடு ஒட்டிய கறுப்பு நீள்கை ரீசேட் இரண்டு. ரொறன்ரோவில் எங்கள் பெண்கள் பலர் குளிர்காலத்தில் சாறிக்குச் சட்டையாகப் போடுவது இதைத்தான். அக்காதான் சொல்லித் தந்தா. கறுப்பு ஐந்து சாறிக்குப் பொருந்தியது, மெரூனும் கிறீமும் நான்கு நான்கு, பொன் நிறம் இரண்டு பட்டுக்கு. மொத்தம் 15 விதம். நீளமான பஞ்சாபி மேற்சட்டை இரண்டைச் செற்றிலிருந்து பிரித்தெடுத்து, கறுப்புத் தேர்மல் காற்சட்டையோடு போடலாம் என்று வைத்தோம். அந்தக் காற்சட்டையே சாறிக்குள்ளும் போகும், இரவில் படுக்கவும் போடலாம். கார்டிகன் இரண்டு, கறுப்பில் மெல்லியது, சாம்பல் நிறத்தில் தடித்தது. உள்பாவாடை இரண்டும் பருத்தியில். அதற்கு ஒரு காரணம் உண்டு. சூடாக்கிய வீட்டில் காற்று காய்ந்துபோய் இருப்பதால் செயற்கை இழைச் சாறியில் நிலைமின் ஏறும், காலைச் சுற்றி ஒட்டிக்கொண்டு நடக்க விடாது. உள்ளே பருத்தி இருந்தால் அந்த ஒட்டு குறையும்.

இரவுச் சட்டை இரண்டு, உள்ளுடுப்பு ஒரு கிழமைக்கு, மேசு ஐந்து சோடி, ஒரு சால்வை, வீட்டுச் செருப்பு. கோயிலுக்குள் சப்பாத்தைக் கழற்றி நிற்க வேண்டும் என்பதால் மேசில் ஒரு சோடியாவது தடித்ததாக இருப்பது நல்லது. விரல் பிரிந்த செருப்பு ஏப்ரலில் வெளியே உதவாது. மூடிய கறுப்புச் சப்பாத்து ஒன்றைக் காலிலேயே போட்டுப் போனார். அதைப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே வாங்கிக் கொடுத்து வளவுக்குள் நடக்கப் பழக்குங்கள். எங்கள் அம்மா முதல் கிழமை வாத்து மாதிரி நடந்தார்.

“எட்டுக் கிழமைக்கு இது காணுமோ?” என்று கேட்டார். அங்கே வீட்டுக்குள்ளேயே கழுவும் இயந்திரமும் உலர்த்தும் இயந்திரமும் இருக்கும், கிழமைக்கு ஒருமுறை கழுவினால் எட்டு நாள் உடுப்பு எட்டு மாதத்துக்கும் காணும் என்றேன். ஒன்றை மட்டும் ஞாபகம் வையுங்கள். கம்பளிச் சட்டையை உலர்த்தும் இயந்திரத்தில் போட்டால் அது பேத்தியின் அளவுக்குச் சுருங்கிவிடும்.

திரும்ப நிறுத்தோம். உடுப்பு எட்டரைக் கிலோ, வெறும் பெட்டி நான்கு. பத்தரைக் கிலோ மீதம். அம்மா ஒன்றும் பேசாமல் குசினிக்குப் போய் இன்னும் ஒரு சுளகு மிளகாயைக் காயப்போட்டார்.

அடுக்குவது

சாறியை நீளமாக மடித்து அடியில் போடுங்கள். ரீசேட், கார்டிகன், காற்சட்டை இவற்றைச் சுருட்டி இடைவெளிகளில் செருகலாம், சுருட்டினால் மடிப்புக் கோடும் விழாது. நிறைகூடியவை சில்லுப் பக்கம் இருக்க வேண்டும். காற்றை உறிஞ்சி உடுப்பைத் தட்டையாக்கும் பைகள் இப்போது விற்கிறார்கள். அவை இடத்தைத்தான் மிச்சம் பிடிக்கும், நிறை ஒரு கிராமும் குறையாது. 23 கிலோ கட்டுப்பாடு உள்ளவருக்கு அதில் ஏமாற வேண்டாம். மிளகாய்த்தூளை இரண்டு சொப்பிங் பையால் கட்டி, அதை ஒரு பிளாஸ்ரிக் பெட்டிக்குள் வைத்து, உடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். பட்டில் ஏறிய தூள் வாசம் ஒரு கழுவலில் போகாது. தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும், வீட்டுச் சூட்டில் திரும்பவும் இளகும், ஆகவே மூடியை இறுக்கி ஒட்டுங்கள். என்ன உணவு கொண்டுபோனாலும் கனடாவில் இறங்கும்போது சுங்கத்துக்குச் சொல்லவேண்டும். சொல்லிவிட்டுப் போனால் அநேகமாகப் பயமில்லை, மறைத்தால் தண்டம் வரலாம்.

ஊர்ப் பொதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒட்டி மூடிய பொதியை யாரிடமிருந்தும் வாங்காதீர்கள். பெட்டிக்குள் இருப்பதற்குப் பொறுப்பு கொண்டுபோகிறவர்தான். அம்மாவுக்கு இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. நான்தான் கெட்ட பெயர் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தேன்.

கைப்பைக்குப் பெரும்பாலும் 7 கிலோ. பெட்டி ஒரு நாள் பிந்தி வருவது நடக்கக்கூடியது. ஆகவே ஒரு மாற்றுடுப்பு, தடித்த கார்டிகன், சால்வை, மருந்தும் மருந்துச் சிட்டையும், நகை, பத்திரங்கள் கையில் இருக்க வேண்டும். பத்திர விடயத்தில் அம்மாவுக்கு நான் எதுவும் சொல்லத் தேவை இருக்கவில்லை. அடையாள அட்டை, பிறப்புப் பதிவுகள், காணி உறுதி, அப்பாவின் மரணச் சான்றிதழ் எல்லாம் 2008 இலிருந்து ஒரே பொலித்தீன் பைக்குள்தான் இருக்கின்றன, பை மட்டும் மாறும். உறுதியை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லிப் பார்த்தேன். “அது என்னோட வரும்” என்றார். அதை நான் மேலும் வாதாடவில்லை.

போய் வந்தபின்

கடந்த வருடம் ஏப்ரலில் போனவர் ஜூனில் திரும்பினார். எது உதவியது, எது வீண் என்று கேட்டேன். கறுப்பு ரீசேட் இரண்டும் நிறம் மங்கும்வரை உழைத்திருந்தன. இன்னும் ஒன்று வேண்டியிருந்ததாம். பட்டு இரண்டில் ஒன்று பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. பொன் நிறச் சட்டை மே மாத நீள வார இறுதியில் நடந்த ஒரு சாமத்திய வீட்டுக்கு மட்டும். மழைக்குத் தலையை மூடும் ஜக்கெற்தான் மிகவும் பாவித்தது, அது அக்காவுடையது. அதன் கழுத்துப் பட்டியில் இலங்கையில் தைத்தது என்று எழுதியிருந்ததை அம்மா அங்கேதான் கண்டார். கிளிநொச்சி அறிவியல்நகர் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டாராம்.

வெள்ளைச் சாறியை ஒருமுறைதான் கட்டினார். பிரம்டன் நகரப் பூங்காவில் 2025 மே மாதம் திறக்கப்பட்ட தமிழர் நினைவுத்தூபிக்கு மே 18 அன்று அக்கா குடும்பம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. வெளியில் நல்ல காற்று. சாறிக்குள் தேர்மல், கறுப்பு நீள்கை, மேலே கார்டிகன், அதற்கு மேல் அக்காவின் ஜக்கெற் என்று நான்கு அடுக்கோடு நின்றதாகச் சொன்னார். பேரன் பக்கத்தில் நின்று, அம்மம்மா ஏன் பேசாமல் நிற்கிறார் என்று அக்காவிடம் கேட்டானாம். அன்றைக்கென்று ஒரு சாறி எடுத்து வைக்க வேண்டியிருக்கும் என்பது எந்தப் பயணக் குறிப்பிலும் இல்லை. உங்கள் வீட்டு ஆள் மே நடுப்பகுதியில் அங்கே இருப்பாரானால் அதையும் கணக்கில் எடுங்கள்.

அந்த எட்டுக் கிழமையும் தொலைபேசியில் அவர் தவறாமல் கேட்டது ஒன்று: “சாறியளை வெயிலுக்குக் காட்டினியோ?” மாதம் ஒருமுறை காட்டினேன், படம் எடுத்தும் அனுப்பினேன். திரும்பி வந்த அன்று, கால்கூடக் கழுவாமல் அறைக்குள் போய் அலுமாரியைத் திறந்து எண்ணினார். எட்டும் இருந்தன.

கொண்டுவந்த பெட்டியை அடுத்த நாள்தான் திறந்தார். 22 கிலோவும் சொச்சமும். சொக்லேற்றுக்கு அடியில் அக்கா கொடுத்துவிட்ட பழைய ஜக்கெற் மூன்று கிடந்தது. கிளிநொச்சி வெயிலில் அதை யாருக்குக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, ஹட்டனுக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்துப் போகும் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். மற்ற இரண்டும் கட்டிலுக்குக் கீழே அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன.